பெருமை வேண்டாம், பெயர் கொடுங்கள்: தாங்கா கடற்கரையில் ‘காணவில்லை’ ஆனவர்கள்

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி தாண்டி செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையில் போய்ப் பாருங்கள். புலிக்கொடியும் மரக்கலமும் போட்ட ஒரு பிளக்ஸாவது கண்ணில் படும். ‘கடாரம் கொண்டான்’ என்று எழுதியிருக்கும். கீழே பத்துப் பதினைந்து பையன்களின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள் இருக்கும். 2025 ஜூலை 27-இல் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிரதமரே வந்தார். ராஜேந்திரனின் கடல் படையெடுப்பு நடந்து ஆயிரம் ஆண்டு ஆனதற்கு நாணயம் வெளியிட்டார். தமிழன் கடல் கடந்து போய் வேறொரு நாட்டுக் கரையில் இறங்கியது ஆயிரம் வருடம் கழித்தும் கொண்டாடப்படுகிறது.

ஒரு கேள்வி கேட்போம். அந்தக் கப்பலில் துடுப்பு போட்டவன் பெயர் என்ன? கடாரத்துக் கரையில் இறங்கும்போது அலை இழுத்துக்கொண்டு போன படைவீரன் பெயர் என்ன? மெய்க்கீர்த்தியில் அடித்த ஊர்களின் பட்டியல் இருக்கிறது, மன்னன் பெயர் இருக்கிறது. இறங்கியவன் பெயர் இல்லை. ராஜேந்திரனின் அப்பா கட்டிய தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் ‘தீண்டாச்சேரி’யும் ‘பறைச்சேரி’யும் இருக்கின்றன, வரி இல்லாத நிலக்கணக்கில். சேரிக்குக் கணக்கு உண்டு. சேரியில் இருந்த ஆளுக்குப் பெயர் கிடையாது.

சரி, அது ஆயிரம் வருடத்துக் கதை, கல்லில் இருப்பதைத்தான் படிக்க முடியும் என்பீர்கள். அப்படியானால் நூறு வருடத்துக் கதைக்கு வருவோம். இதற்குக் கல்வெட்டு தேவையில்லை. காகிதம் இருக்கிறது, தேதி இருக்கிறது, படைப்பிரிவின் எண் இருக்கிறது. அதில் பாளையங்கோட்டையின் பெயரே இருக்கிறது. ஆனாலும் இதைப் பற்றி ஒரு பிளக்ஸும் கிடையாது, ஒரு நாணயமும் கிடையாது.

தாங்காவில் நடந்தது

1914 அக்டோபர் 16. பம்பாயிலிருந்து ‘இந்தியப் படை பி’ என்ற பெயரில் சுமார் 8,000 பேர் கப்பல் ஏறினார்கள். இவர்கள் அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் துறைமுகமான தாங்காவைப் பிடிக்க வேண்டும். இன்றைக்கு அது தான்சானியாவில் இருக்கிறது. படையில் காஷ்மீர் துருப்புகள் இருந்தன, 13-ஆம் ராஜபுத்திரர் படை இருந்தது, ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன் இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து இரண்டு படைகள்: ஒன்று 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, இன்னொன்று 61-ஆம் பயனியர். பயனியர் என்றால் ஒரு கையில் துப்பாக்கியும் இன்னொரு கையில் மண்வெட்டியும் பிடிப்பவர்கள். பாதை வெட்டுவது, பதுங்குகுழி தோண்டுவது, தேவைப்பட்டால் சுடுவது, எல்லாமே அவர்கள் வேலை.

இரண்டு வாரத்துக்கு மேல் கடலில் நெரிசல். வாந்தியும் மயக்கமுமாக வந்து சேர்ந்த ஆட்களை மொம்பாசாவில் இறக்கி ஓய்வு கொடுக்கலாம் என்று யோசனை வந்தது. தளபதி ஐட்கென் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நிலம் பழகிய ஆப்பிரிக்கச் சிப்பாய்களை உடன் அனுப்புகிறோம் என்றார்கள். அதையும் வேண்டாம் என்றார். நவம்பர் 2-ஆம் தேதி பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் போய், போர் நிறுத்தம் முடிந்தது என்று ஜெர்மானியருக்கு முறைப்படி அறிவித்துவிட்டுத் திரும்பியது. திருடன் கதவைத் தட்டி நேரம் சொல்லிவிட்டுப் போன மாதிரி. ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து குவிக்க அந்த அவகாசம் போதுமானதாக இருந்தது.

ஊரிலிருந்து தள்ளி, ராஸ் கசோன் முனையில் இறங்கச் சொன்னார்கள். முன்கூட்டிப் பார்த்து வைத்த கரை இல்லை அது. இரவில் படகுகளிலிருந்து இறங்கி, தண்ணீரிலும் அலையாத்திச் சேற்றிலும் நடந்து கரையேற வேண்டும். முதலில் இறக்கப்பட்டவர்கள் 13-ஆம் ராஜபுத்திரர்களும் 61-ஆம் பயனியர்களும். நவம்பர் 3 காலையில் இரண்டு படையும் அடிபட்டுப் பின்வாங்கின. 4-ஆம் தேதி முழுப் படையும் இறங்கித் தாக்கியது. அடர்ந்த தோட்டமும் புதருமான இடம், எதிரில் இயந்திரத் துப்பாக்கி. நடுவில் காட்டுத் தேனீக்கள் வேறு கலைந்து கொட்டின. ‘தேனீப் போர்’ என்று வெள்ளைக்காரன் இதற்கு வேடிக்கையாகப் பெயர் வைத்தான். பாளையங்கோட்டைப் படை உடைந்தது. கடற்கரைக்கு ஓடி வந்தவர்கள் கடலுக்குள் இறங்கிப் படகுகளைத் தேடினார்கள். 5-ஆம் தேதி எல்லோரையும் திரும்பக் கப்பலில் ஏற்றினார்கள். நூற்றுக்கணக்கான ரைபிள்களையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் கரையிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். எதிரில் இருந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான்.

கணக்கு இப்படி முடிந்தது: 359 பேர் கொல்லப்பட்டார்கள், 310 பேர் காயம், 148 பேர் ‘காணவில்லை’. மொத்தம் 817.

நான் பேச வந்தது அந்த 148 பேரைப் பற்றி. காடு எடுத்ததா, கடல் எடுத்ததா, கைதியாகப் பிடித்துப் போனார்களா என்பதையெல்லாம் ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டார்கள். தண்ணீரிலிருந்து நிலத்துக்கும், நிலத்திலிருந்து மறுபடி தண்ணீருக்கும் துரத்தப்பட்ட ஆட்கள் இவர்கள். ஊருக்குப் போன செய்தி ஒரு சொல்தான்.

‘தமிழர்’ வேறு, ‘பறையர்’ வேறு

சென்னைப் படையில் யார் இருந்தார்கள்? அன்றைய ராணுவம் சென்னை மாகாணத்து ஆட்களை ‘வகுப்பு’ வாரியாகப் பிரித்துத்தான் சேர்த்தது. முஸ்லிம்கள் ஒரு வகுப்பு. ‘தமிழர்’ ஒரு வகுப்பு. ‘பறையரும் கிறித்தவரும்’ இன்னொரு வகுப்பு. மறுபடி படியுங்கள் தோழர்களே. தமிழ் பேசும் பறையர் ‘தமிழர்’ பிரிவில் இல்லை. ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்தது போலவே கம்பெனிகளையும் தனித்தனியாக வைத்தார்கள். வெள்ளைக்காரன் சாதியைக் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததை எடுத்து ரிஜிஸ்டரில் பத்தி போட்டான்.

இன்றைக்கு ‘தமிழர் வீரம்’ என்று பேசுகிறவர்கள் இந்த ரிஜிஸ்டரைப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லுக்குள் யார் அடக்கம், யார் வெளியே என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்கள்.

நம் ஆட்கள் ஏன் பட்டாளத்துக்குப் போனார்கள் என்பதற்கு வேறு எங்கும் போக வேண்டாம், செங்கல்பட்டு மாவட்டத்தையே பாருங்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் இந்த மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கை இருக்கிறது. நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தம் இல்லை, பண்ணையாரின் கடனில் குடும்பமே கட்டுண்டு கிடந்தது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அப்படிப்பட்ட ஊரில், மாதச் சம்பளம், சீருடை, எழுதப் படிக்கப் பள்ளி, முடிந்தால் பென்ஷன் என்று ஒருவன் சொன்னால் யார் போகமாட்டார்கள்? அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியர். பாபாசாகேப் பிறந்ததே மாவ் கன்டோன்மென்டில். ஊர்ப் பள்ளிக்கூடம் வாசலில் நிறுத்திய சாதிக்குப் பாசறைப் பள்ளிக்கூடம் பலகை கொடுத்தது. பேரரசு நல்லது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஊர் எவ்வளவு கெட்டது என்றுதான் அர்த்தம்.

பிறகு அந்தக் கதவையும் சாத்தினார்கள். 1880-களில் சென்னையின் தலைமைத் தளபதியாகவும் அடுத்து இந்தியாவின் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தி ஆட்களுக்குப் போர் வராது என்று முடிவு கட்டியவர். ‘போர்க்குலம்’ என்ற கொள்கை வந்தது. வடக்கே சில சாதிகள் பிறவியிலேயே வீரர்கள், மற்றவர்கள் பிறவியிலேயே இல்லை. இது மனுவின் கணக்குதான், லண்டனில் தைத்த கோட்டு போட்டுக்கொண்டு வந்தது. 1890-களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். சென்னைப் படைகளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள்.

உன்னால் முடியாது என்று முப்பது வருடம் சொல்லிவிட்டு, ஒருநாள் திடீரென்று கப்பலில் ஏற்றி, பார்க்காத கரையில் இருட்டில் இறக்கிவிட்டு, தோற்றதும் ‘பார்த்தாயா, நான் அப்பவே சொன்னேனே’ என்றார்கள். தாங்கா தோல்விக்குத் தளபதியின் முட்டாள்தனம் ஒரு வரி, இந்தியச் சிப்பாயின் ‘கோழைத்தனம்’ ஒரு அத்தியாயம் என்றுதான் நீண்ட காலம் எழுதப்பட்டது. அதை அதிகம் பரப்பியவர் அந்தப் படையில் உளவுப்பிரிவு அதிகாரியாக இருந்த மைனர்ட்ஸ்ஹாகன். அவருடைய டயரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். இந்த மனிதர் பறவை ஆராய்ச்சியாளரும்கூட. அருங்காட்சியகங்களிலிருந்து பறவைகளைத் திருடி, பொய்யான இடமும் தேதியும் ஒட்டித் தன் சேகரிப்பு என்று காட்டியவர் என்பது பின்னால் நிரூபணமானது. டயரியின் நம்பகத்தன்மையும் அதோடு போயிற்று. செத்த பறவைக்கே பொய்ச்சீட்டு ஒட்டியவன் செத்த சிப்பாய்க்கு ஒட்டிய சீட்டை நாம் ஏன் நம்ப வேண்டும்?

இன்னொன்று. நவம்பர் 3 காலை முதலில் பின்வாங்கிய இரண்டில் ஒன்று ‘போர்க்குல’ ராஜபுத்திரர் படை, மற்றொன்று சென்னைப் பயனியர் படை. இயந்திரத் துப்பாக்கி சாதிச் சான்றிதழ் கேட்டுவிட்டுச் சுடவில்லை. அதற்குப் பிறகும் கொள்கை மாறவில்லை. 1933-இல் பயனியர் படைகள் மொத்தமாகக் கலைக்கப்பட்டன.

‘காணவில்லை’ என்றால் வீட்டில் என்ன அர்த்தம்

செத்துப்போனால் ஒரு நாள் தெரியும். திதி கொடுக்கலாம், கல்லறைக்குப் பூ வைக்கலாம், விதவைப் பென்ஷனுக்கு எழுதலாம். காணாமற்போனால் எதுவும் கிடையாது. அவள் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதைக்கூடச் சொந்தக்காரர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். களப்பணியில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் நகராது, வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் வங்கிக் கணக்கு நகராது. சட்டப்படி ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டு தகவல் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கருதலாம். அந்த ஏழு ஆண்டு அடுப்பு எப்படி எரியும் என்று சட்டம் கேட்பதில்லை.

2017 ஒக்கி புயலில் குமரி மீனவர்கள் கடலில் போனபோது இதுதான் நடந்தது. உடல் எங்கே, எண்ணிக்கை சரியா, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பெண்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. பட்டியலில் பெயர் ஏறுவதுதான் அன்று போராட்டமாக இருந்தது.

நம் பக்கத்திலேயே இன்னொரு கதை. 2016 ஜூலை 22 காலை தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏஎன்-32 விமானம் 29 பேரோடு போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. வங்கக் கடலுக்கு மேல் மறைந்தது. கப்பல், விமானம், நீர்மூழ்கி எல்லாம் வைத்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் உடைந்த பாகங்களைப் படம் பிடித்தது. 2024 ஜனவரியில் அரசு அறிவித்தது. தாம்பரத்தில் கிளம்பியதைப் பள்ளிக்கரணை கண்டுபிடித்தது. அந்தக் குடும்பங்களுக்கு உடல் கிடைக்கவில்லை, ஆனால் ஒரு இடம் கிடைத்தது. 29 பேருக்கும் பெயர் இருந்தது, கேட்கக் குடும்பம் இருந்தது, தேட அரசு இருந்தது. அது சரியான காரியம், அப்படித்தான் செய்ய வேண்டும்.

தேட வேண்டும் என்று நினைத்தால் மூன்றரை கிலோமீட்டர் ஆழத்திலும் தேட முடிகிறது. தாங்காவின் 148 பேரைத் தேட நீர்மூழ்கி வேண்டாம், சில அலமாரிகளைத் திறந்தாலே போதும்.

கடற்கரையில் படை இறக்குவது எந்தக் காலத்திலும் ஆபத்தான வேலைதான், உண்மை. 1971 டிசம்பரில் நம் ராணுவம் காக்ஸ் பஜார் பக்கம் இறங்கியபோது தடுக்க அங்கே எதிரியே இல்லை. ஆனாலும் கரையின் ஆழம் சரியாகத் தெரியாமல் இறக்கியதில் கூர்க்கா வீரர்கள் மூழ்கி இறந்தார்கள். ஆழம் பார்க்க வேண்டியவன் அதிகாரி, ஆழத்தில் போகிறவன் மலையிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தவன். தாங்காவுக்கும் இதற்கும் 57 ஆண்டு இடைவெளி. கொடி மாறிவிட்டது, யார் முதலில் தண்ணீரில் இறங்குவது என்ற வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது.

பெயருக்குப் பதில் எண்

உடல் கிடைக்காதவனுக்குப் பெயர்தான் கல்லறை. பேரரசுக்கும் இது தெரியும். அதனால்தான் போருக்குப் பிறகு அதற்கென்று ஓர் ஆணையமே வைத்தார்கள். பதவி, இனம், மதம் பார்க்காமல் செத்த எல்லோருக்கும் சமமான நினைவு என்று வாக்குக் கொடுத்தார்கள்.

பாஸ்ராவில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மெசபடோமியாவில் செத்து, கல்லறை இல்லாதவர்களுக்கான நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. வெள்ளைக்கார சிப்பாய்க்கும் இந்திய அதிகாரிக்கும் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு? படைப்பிரிவின் பெயர் எழுதி, பக்கத்தில் இத்தனை பேர் என்று எண் மட்டும். 33,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே வெறும் எண்.

2021 ஏப்ரலில் அதே காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப்போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள், இந்தியர்கள். காரணம் இனவெறி என்று அந்த அறிக்கையே சொல்கிறது.

லண்டன் மன்னிப்புக் கேட்டுவிட்டது, நாம்? தமிழ்நாட்டில் சில ஊர்களில் பழைய சுவர்களில் ஒரு சலவைக்கல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஊர் பெயர் இருக்கும், இரண்டு எண்கள் இருக்கும். போனவன் பெயர் இருக்காது. நூறு வருடமாக அந்தக் கல்லைத் தாண்டிப் போகிறோம். போன 40 பேரில் சேரியிலிருந்து எத்தனை பேர் என்று ஊர்ச்சபையில் ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா?

பெயரைக் காப்பாற்ற நமக்குத் தெரியாமல் இல்லை. 1994 அக்டோபர் 10-இல் பஞ்சமி நிலத்துக்காகப் போராடித் துப்பாக்கிச்சூட்டில் விழுந்த ஜான் தாமஸ், ஏழுமலை பெயர்களை இந்த மாவட்டத்தில் எந்த இளைஞரிடம் கேட்டாலும் சொல்வார். காரணை என்றால் அந்த இரண்டு பெயர். அரசு எழுதி வைத்ததால் அவை நிற்கவில்லை. ஒவ்வொரு வருடமும் நாம் சொல்லிக்கொண்டே இருப்பதால் நிற்கின்றன.

மூன்று ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம் தேசியவாதிகளிடமிருந்து வரும்: ‘அவன் வெள்ளைக்காரனின் கூலிப்படை. அவனுக்கு எதற்கு நினைவு?’ நல்லது. 1918-இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து அதே வெள்ளைக்காரன் படைக்கு ஆள் சேர்த்தவர் காந்தி. அவருக்கு ஊருக்கு ஒரு சிலை. டெல்லியின் இந்தியா கேட் அதே போரில் செத்தவர்களுக்குக் கட்டியதுதான், அதில் 13,000-க்கும் அதிகமான பெயர்கள் இருக்கின்றன. அதன் முன்னால் எத்தனை குடியரசு தினம் கொண்டாடினீர்கள்? கூலி என்ற வசை ஏழையை மட்டும் தேடி வருவது ஏன்? பண்ணையில் கூலி, பட்டாளத்தில் கூலி, சாக்கடைக் குழியில் கூலி. கூலிக்குப் போனவன் செத்தால் பெயர் எழுத வேண்டாம் என்று எந்த நீதி சொல்கிறது?

இரண்டாவது ஆட்சேபம் நம் பக்கத்திலிருந்தே வருகிறது, இதைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன். ‘நாங்களும் போர்க்குலம்தான். மகர் ரெஜிமென்ட் இருக்கிறது, 1943-இல் சமார் ரெஜிமென்ட் இருந்தது, எங்களுக்கும் ஒன்று வேண்டும்’ என்று வாட்ஸ்அப்பில் வாள் படத்தோடு சுற்றுகிறது. இந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. 1917-இல் எழுப்பிய மகர் படையைப் போர் முடிந்ததும் 1921-இல் கலைத்தார்கள். சமார் ரெஜிமென்டை 1946-இல் கலைத்தார்கள். அவசரத்துக்கு எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி விட்டார்கள். ஆனால் அதற்குப் பதில் ராபர்ட்ஸின் பட்டியலில் நம் சாதிப் பெயரையும் சேர்க்கக் கேட்பதா? பிறப்பால் வீரன் என்று ஒருவனைச் சொன்னால், பிறப்பால் கோழை என்று இன்னொருவனைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலைக் கிழிக்க வந்தவர்கள் நாம். தாங்காவில் ஓடியவனும் நம் ஆள்தான். இருட்டில் கழுத்தில் கத்தி வைத்த மாதிரி ஒரு போரில் உயிர் பிழைக்க ஓடியவனை மறைத்துவிட்டு நின்று சுட்டவனை மட்டும் தோளில் தூக்கினால், நாமும் மைனர்ட்ஸ்ஹாகனின் டயரியைத்தான் எழுதுகிறோம். வீரனாக இருந்தால்தான் பெயர் கிடைக்கும் என்பது ஒரு சாதிப் பேச்சு. மனிதனாக இருந்ததே பெயருக்குப் போதும்.

மூன்றாவது ஆட்சேபம் தான்சானியாவிலிருந்து வரவேண்டும், அதை நாமே எழுப்பிக்கொள்வோம். தாங்கா யார் ஊர்? அங்கே ஆப்பிரிக்கர்கள் வாழ்ந்தார்கள். இரண்டு ஐரோப்பியக் கொள்ளைக்காரர்கள் சண்டை போட, ஒருவனுக்காகத் தமிழ்நாட்டு ஏழையும் இன்னொருவனுக்காக ஆப்பிரிக்க ஏழையும் செத்தார்கள். அந்தப் போர் முழுக்கச் சுமை தூக்கியவர்கள் ஆப்பிரிக்கச் சுமைக்கூலிகள். பசியிலும் காய்ச்சலிலும் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். தார் எஸ் சலாம் நகரில் கரியாக்கூ என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. ‘கேரியர் கோர்’ என்ற சுமைக்கூலிப் படையின் பெயர்தான் அப்படித் திரிந்தது. சந்தைக்குப் பெயர் மிஞ்சியது, சுமந்தவனுக்கு மிஞ்சவில்லை. அதனால் தாங்காவில் இறங்கியதைப் பெருமை என்று நாம் கொண்டாட முடியாது. கடாரம் பிளக்ஸுக்குப் பக்கத்தில் தாங்கா பிளக்ஸ் வைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அந்தச் சுமைக்கூலியின் குடும்பமும் நம் குடும்பமும் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

வேலை என்ன?

கோபம் மட்டும் போதாது. செய்ய முடிகிற வேலை இருக்கிறது.

லாகூர் அருங்காட்சியகத்தில் முதல் உலகப்போருக்குப் போன பஞ்சாப் ஆட்களின் பதிவேடுகள் தூசி படிந்து கிடந்தன. ஊர் வாரியாக, அப்பா பெயரோடு எழுதிய பதிவேடுகள். 2021-இல் அவற்றைக் கணினியில் ஏற்றி வெளியிட ஆரம்பித்தார்கள். சுமார் 3,20,000 பேர் பற்றிய தகவல். பிரிட்டனில் இருக்கிற பஞ்சாபிக் குடும்பங்கள் தன் கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடிக் கண்டெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு இப்படி ஒரு பட்டியலை எந்த அரசும் கேட்டதாகத் தெரியவில்லை, எந்தத் தமிழ் அமைப்பும் கேட்டதாகவும் தெரியவில்லை. இந்தப் பகுதியில் சமூகவியல், வரலாறு, சமூகப்பணி படிக்கிற மாணவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? வருடா வருடம் ஒரே தலைப்பில் நூறு புராஜெக்ட் எழுதுவதற்குப் பதில் இதை எடுங்கள்.

ஒன்று: போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், படைப்பிரிவு வைத்துத் தேடலாம். 63-ஆம் பாளையங்கோட்டை, 61-ஆம் பயனியர் என்று போட்டு, 1914 நவம்பரை வடிகட்டுங்கள். சில பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும் இருக்கும். அவற்றை ஊர் வாரியாகத் தமிழில் எழுதுங்கள். எது எண்ணாகவே நிற்கிறதோ அதையும் எழுதுங்கள். விடுபட்ட பெயரை ஆதாரத்தோடு கொடுத்தால் சேர்க்க வேண்டிய கடமை அந்த ஆணையத்துக்கு இப்போது இருக்கிறது.

இரண்டு: எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். மாவட்டக் கோப்புகளில் போர்க்கால ஆள்சேர்ப்பு, நில ஒதுக்கீடு, பென்ஷன் மனுக்கள் என்று தேடுங்கள். காணாமற்போனவனின் மனைவி எழுதிய ஒரு மனு கிடைத்தாலும் அது நூறு மெய்க்கீர்த்திக்குச் சமம்.

மூன்று: உங்கள் ஊரில், உங்கள் சேரியில் வயதானவர்களிடம் கேளுங்கள். ‘பட்டாளத்தார் வீடு’, ‘மில்ட்ரிக்காரர் வாரிசு’ என்று அடைமொழியோடு ஒரு குடும்பமாவது இருக்கும். யார் போனார், யார் வந்தார், யார் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ரெக்கார்ட் செய்யும் முன் அனுமதி கேளுங்கள். அவர்கள் சொல்வதை நீங்கள் திருத்தாதீர்கள்.

நான்கு: ஊர்ச் சுவரில் அந்தச் சலவைக்கல் இருந்தால் படம் எடுங்கள், அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் கொடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் வர வேண்டும், கிடைத்தவரை. ஊர்த்தெரு, சேரி என்று பிரிக்காமல் ஒரே பட்டியலாக வர வேண்டும். அந்தத் தீர்மானம் நிறைவேறுகிறதா, யார் எதிர்க்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் சமூகவியல் பாடம் அங்கேதான் இருக்கிறது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து போன சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியில் தோழர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போன கண்ணியின் மேல் பாய்ந்து செத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர். விருது வாங்கிய பெயருக்கே இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் இதுதான் நிலைமை என்றால், விருதும் இல்லாமல் உடலும் இல்லாமல் தாங்கா கரையில் போனவனை யார் கேட்பார்கள்?

நாம்தான் கேட்க வேண்டும். இந்த வருடம் நவம்பர் 4 வருவதற்குள் ஒரு பெயராவது, தகப்பன் பெயரோடும் ஊரோடும், எழுதிக் கொண்டு வாருங்கள். ஒன்று கிடைத்தால் 148-இல் ஒன்று குறையும்.

ஜெய்பீம்.